ஈசானிய மூலை

கிழக்கு டெக்சாஸில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அது எந்தக் கவுன்ட்டியில் இருக்கிறது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும், நாங்கள் குடியிருக்கிற டல்லஸ் புறநகர் காப்பெல்லில் எங்கள் அக்கம்பக்கத்தாருக்கு அதுவும் ஒன்றுதான், அலாஸ்காவும் ஒன்றுதான். ஃப்ரீவேயைப் பிடித்துக் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் முதலில் இந்திய மளிகைக் கடைகள் நின்றுபோகும். அப்புறம் காபிக் கடைகள் நின்றுபோகும். பைன் மரங்கள் தொடங்குகிற இடத்தில் இறங்கினால் அந்தக் கவுன்ட்டி வந்துவிடும்.

அங்கே எதிரே வருகிற பிக்கப் டிரக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்குவார். வணக்கம் என்று அர்த்தம். முதல் தடவை என் கணவர் பயந்துபோய், டயரில் காற்று இல்லையோ என்று வண்டியை நிறுத்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடுத்த தடவை அவரே விரலைத் தூக்கத் தொடங்கிவிட்டார். பிறகு காப்பெல்லில் எங்கள் தெருவிலும் தூக்கிப் பார்த்தார். இங்கே ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

இன்னொரு வழக்கம் எனக்கு அதைவிடப் பிடித்திருந்தது. ரோட்டில் சவ ஊர்வலம் வந்தால் எதிரே வருகிற வண்டிகள் எல்லாம் ஓரம்கட்டி நின்றுவிடும். செத்தவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். ஊர்வலத்தின் கடைசிக் கார் போன பிறகுதான் மறுபடி கிளம்புவார்கள். செத்தவர்களை இவ்வளவு மதிக்கிற ஊர் என்று நினைத்துக்கொண்டேன். அதை நம்பாமல் இருக்க அப்போது எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஊர் நடுவில் சிவப்புக் கல்லில் கட்டிய கோர்ட்ஹவுஸ். அதைச் சுற்றி நாலு பக்கமும் கடைகள், பாதிக்கு மேல் மூடியவை. ஒரு காலத்தில் பருத்தி மூட்டை ஏற்றிய வண்டிகள் அந்தச் சதுக்கம் முழுக்க நிற்குமாம். பருத்திக்காக ரயில் வந்தது. பருத்தி போனது, ரயிலும் போனது. புது ஃப்ரீவே ஊரைத் தொடாமல் தள்ளிப் போனது. மாடும் வைக்கோலும் பைன் மரமும் மிஞ்சின. கோர்ட்ஹவுஸ் வாசலில் கருங்கல் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. முதன்முதலில் குடியேறிய குடும்பங்களுக்கு ஒன்று, யுத்தத்தில் இறந்தவர்களுக்கு ஒன்று, ஊரைப் புரட்டிப்போட்ட சூறாவளிக்கு ஒன்று. ஹைஸ்கூல் ஃபுட்பால் டீம் ஜெயித்ததற்குக்கூட ஒரு பலகை உண்டு. எதையும் மறக்காத ஊர் என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்.

நிலம் வாங்கியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் என் கணவர். ஈரோட்டுப் பக்கம். பகலெல்லாம் யாரோ ஒரு கம்பெனியின் சர்வர்களைக் கம்ப்யூட்டரில் மேய்க்கிறவர், மண்ணைக் கண்டால் ஆளே மாறிவிடுவார்.

"ஏனம்மிணி, நம்ம பேர்ல ஒரு காடு இல்லாம என்ன பொழப்பு?" என்றார்.

எங்கள் பக்கம் காடு என்றால் விவசாய நிலம். "பேக்யார்டுல வெச்ச கறிவேப்பிலையே பொழைக்கலீங்க. இவரு காடு வாங்கறாராமா," என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு குளிர்காலத்தில் ரிஜிஸ்டர் முடிந்தது. பழைய துருப்பிடித்த கேட்டை மாற்றி, புதுக் கேட் போட்டு, புதுப் பூட்டும் போட்டார். எங்கள் ஊர்ப் பழக்கம். வாங்கியதும் முதலில் பூட்டு.

பக்கத்து நிலம் ஒரு வெள்ளைக்காரருடையது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாலு தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம். எங்கள் நிலத்துப் புல்லையும் அவரே அறுத்து உருட்டி எடுத்துக்கொண்டு போவார். என்னை எப்போதும் 'மேம்' என்பார். தக்காளி விளைந்தால் ஒரு பை நிறைய எங்கள் கேட்டில் தொங்கும். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

நிலத்தில் எல்லாம் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. ஒரு குட்டை வெட்டலாம், ஊற்று இருக்கிற இடமாகப் பார்த்து வெட்டினால் கோடையிலும் வற்றாது என்று என் கணவர் கணக்குப் போட்டார். ஊற்றைக் கண்டுபிடிக்க அவருக்குத் தெரிந்த வழி தேங்காய். எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேங்காயை உள்ளங்கையில் படுக்கப் போட்டுக்கொண்டு நிலத்தில் மெதுவாக நடந்தால், கீழே நீரோட்டம் இருக்கிற இடத்தில் அது எழுந்து நிற்கும். டெக்சாஸ் இந்தியக் கடைகளில் தேங்காய்க்குக் குடுமியை மழித்துவிடுகிறார்கள். குடுமி உள்ள தேங்காய்க்காகக் கடை கடையாக ஏறி இறங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வெறுங்காலோடு, தேங்காயை ஏந்திக்கொண்டு, மூச்சுவிடாமல் நடந்ததை நான் ஃபோனில் வீடியோ எடுத்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் வேலிக்கு அந்தப்புறம் டிராக்டரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. தன் சித்தப்பா கவட்டைக் குச்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டு இதே மாதிரிதான் தண்ணீர் பார்ப்பார், பீச் மரத்துக் குச்சியாக இருக்க வேண்டும், மற்ற மரம் உதவாது என்றார். என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை.

நிலத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு கிழட்டு சீடர் மரம், தேவதாரு மாதிரி ஒன்று, நிற்கிறது. அதைத் தாண்டிக் கொஞ்சதூரம் போனதும் தேங்காய் எழுந்து நின்றது. நான் கண்ணால் பார்த்தேன். அவர் கை ஆட்டியதா, தேங்காயே எழுந்ததா, எனக்குத் தெரியாது. வடகிழக்கு என்றால் ஈசானிய மூலை. தண்ணீர் ஈசானியத்தில்தான் இருக்க வேண்டும் என்பது வாஸ்து. தேங்காயும் வாஸ்துவும் ஒரே இடத்தைக் காட்டின. இனி அந்த மனிதரைப் பிடித்து நிறுத்த யாரால் முடியும்?

பக்கத்து நிலத்துக்காரரின் முகம் மாறியதை நான் கவனித்தேன். தொப்பியைக் கழற்றினார், தலையைச் சொறிந்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"நானா இருந்தா அந்த மூலையை அப்படியே விட்டுடுவேன்," என்றார்.

"ஏன், தண்ணி இருக்காதா?" என்று என் கணவர் கேட்டார்.

"தண்ணி இருக்கும்."

"அப்புறம் என்ன?"

அவர் சீடர் மரத்தைப் பார்த்தார். தன் பூட்ஸைப் பார்த்தார். "உங்க நிலம், சார்," என்று சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கவுன்ட்டியில் யாரும் யாரையும் 'செய்யாதே' என்று சொல்வதில்லை. 'நானா இருந்தா செய்ய மாட்டேன்' என்பதுதான் அங்கே உச்சபட்ச எச்சரிக்கை. பாலம் உடைந்திருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அடுத்தவன் நிலம் என்பது அங்கே கோயில் கருவறை மாதிரி. வெளியே இருந்து கும்பிடலாம், உள்ளே நடப்பதைப் பற்றிப் பேசக் கூடாது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு ஏதோ உறுத்தியது, அவ்வளவுதான்.

"அவரு என்னமோ சொல்ல வந்தாருங்க. நிறுத்திட்டாரு," என்றேன் காரில்.

"அவரு என்ன சொல்லுவாரு? நம்ம குட்டை வெட்டுனா அவரு பக்கம் ஓடற தண்ணி நின்னு போகும்ல? அதுக்குத்தான் அடி போடறாரு. எங்கூர்ல பார்க்காத வாய்க்கா தகராறா?"

இப்படி ஒரு தப்பை எங்கள் ஆட்கள்தான் செய்ய முடியும். பக்கத்துக் காட்டுக்காரன் வாயைத் திறந்தால் அது தண்ணீருக்காகத்தான் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர். வேறு காரணம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கோயமுத்தூரில் இருக்கிற வாஸ்துக்காரரை வீடியோ காலில் பிடித்தார். அவர் நிலத்தின் படத்தைப் பார்த்த உடனே, "ஈசானியத்துல தண்ணி வந்தா குடும்பம் தளிர்க்குமுங்க. யோசிக்கவே வேண்டாமுங்க," என்று சொல்லிவிட்டார். யோசிக்கவே இல்லை.

இலையுதிர் காலத்தில் பொக்லைன் வந்தது. ஓட்டி வந்தவர் மெக்சிகோ வம்சாவளி, அந்தக் கவுன்ட்டியிலேயே பிறந்தவர். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சூடம் கொளுத்தி, பூசணிக்காய் உடைத்து, பொக்லைனுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கும்வரை பொறுமையாக நின்றார். அவரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்து வெட்டத் தொடங்கினார். மண் சிவப்பாக வந்தது, கொஞ்ச நேரத்தில் கருத்து வந்தது. குவியல் ஏறிக்கொண்டே போனது. என் கணவர் குவியலைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்து, "ஈரம்! ஈரம்!" என்று கூவினார்.

திடீரென்று எஞ்சின் நின்றது. பொக்லைன்காரர் இறங்கி வந்து குவியலைப் பார்த்தார். சிப்பிகள். வெள்ளை வெள்ளையாகக் கடல் சிப்பிகள். கடல் அங்கிருந்து ஒரு நாள் பயணம். சிப்பிகளோடு ஒரு அரிக்கேன் விளக்கின் கண்ணாடி, உடைந்த ஜாடி, அப்புறம் ஒரு பீங்கான் தட்டு. விளிம்பில் நீலக் கரை போட்ட தட்டு. ஓரத்தில் சின்ன மூளியைத் தவிர முழுசாக இருந்தது.

"பழைய குப்பைமேடு போல இருக்குது," என்றார் என் கணவர்.

பொக்லைன்காரர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். இது குப்பை இல்லை, இதெல்லாம் சமாதி மேல் வைக்கிற சாமான், இனி ஒரு பிடி மண்ணைக்கூடத் தான் தொடப்போவதில்லை என்றார். வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நானும் என் கணவரும் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில், வெறுங்காலோடு, நெற்றியில் குங்குமத்தோடு நின்றோம்.

பக்கத்து நிலத்துக்காரர் சத்தம் நின்றதும் வந்தார். குவியலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். இந்தத் தடவை திரும்பப் போடவில்லை. நான் அவரிடம் கேட்டேன். மரியாதையாகக் கேட்டதாக நினைவில்லை. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன், மேம்," என்றார். கொஞ்சம் கழித்து, "சொன்னேனே," என்றார்.

அப்புறம் துண்டு துண்டாகச் சொன்னார். ஓர் அரைமணி நேரத்தில் அந்தக் கருங்கல் பலகைகள் எல்லாம் எனக்குப் பொய்யாகிப்போயின. அடிமை வாழ்வு முடிந்த பிறகு விடுதலையான கறுப்பின மக்கள் கொஞ்சம் பேர் எங்கள் நிலம் இருக்கிற பக்கத்தில் நிலம் வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், பருத்தி. அந்தச் சதுக்கத்தில் நின்ற பருத்தி வண்டிகளில் அவர்களுடையவையும் இருந்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு குடும்பமாக டல்லஸுக்கும் ஹூஸ்டனுக்கும் போய்விட்டது. நிலங்கள் கை மாறின. எப்படி மாறின என்று கேட்டேன். "வரி கட்டலைன்னு சொல்வாங்க," என்றார். யார் சொல்வார்கள் என்று கேட்டேன். தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய அப்பா காலத்தில் அந்த மூலையில் மாடு மேய்ந்தது. கல் நட்டிருந்த ஒன்றிரண்டு சமாதிகளின் கல்லும் அப்போது எங்கேயோ போய்விட்டது. தன் வேலிக்கு வெளியே நடந்தது என்பதால் அவரும் பேசவில்லை. அதற்கு முன் அவர் அப்பா பேசவில்லை. மற்றவர் விஷயத்தில் தலையிடாத நல்ல குணம்தான், ஒரு ஊரையே புல்லுக்கு அடியில் போட்டு மூடியிருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் என் கணவர் மேல் பாய்ந்தேன். ஈரோட்டில் அவர் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் ஒரு கல் உண்டு. சின்ன வயதில் செத்துப்போன அத்தை ஒருத்திக்கு நட்டது. ஒவ்வொரு வருஷமும் பொங்கல் வைப்பார்கள்.

"உங்க தோட்டத்துக் கன்னிமார் கல்லு மேல எவனாவது பொக்லைன் உட்டா சும்மா இருப்பீங்களா?" என்றேன்.

அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம். கோர்ட்ஹவுஸுக்குப் போய்ச் சொன்னோம். அன்பாகப் பேசினார்கள், பெகான் பருப்பு போட்ட இனிப்புப் பலகாரம் கொடுத்தார்கள், பழைய வரைபடங்களை எல்லாம் எடுத்துப் போட்டார்கள். அந்த மூலையில் ஒன்றுமே வரையப்பட்டிருக்கவில்லை. அங்கே ஒரு சர்ச் இருந்தது என்பதற்குக்கூட ஒரு புள்ளி இல்லை. சட்டப்படி இனி அங்கே எதையும் தோண்டக் கூடாது, மூடவும் கூடாது, பார்க்க வருகிற உறவினர்களைத் தடுக்கவும் கூடாது என்றார்கள். தடுக்க நாங்கள் யார்? சிப்பிகளையும் தட்டையும் கண்ணாடியையும் சீடர் மரத்தடியில் ஒரு தார்ப்பாயில் வைத்து மூடினோம். மூலையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, ஆள் நுழைகிற அளவுக்குச் சின்னக் கேட் வைத்தோம்.

வசந்த காலத்தில் ஒரு காலேஜிலிருந்து இருவர் வந்து, மண்ணுக்குள் பார்க்கிற மெஷினைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். குழி தெரிந்த இடங்களில் எல்லாம் சின்னச் சின்ன ஆரஞ்சுக் கொடிகளை நட்டார்கள். சில கொடிகள் மிக நெருக்கமாக இருந்தன. குழந்தைகளாக இருக்கலாம் என்றார்கள். கொடி இல்லாத இடத்தில் யாரும் இல்லை என்று அர்த்தமில்லை, மாடு மிதித்த மண்ணில் மெஷினுக்குச் சரியாகத் தெரியாது, பள்ளம் வெட்டின இடத்தில் சுத்தமாகத் தெரியாது என்றும் சொன்னார்கள். கொட்டிவைத்த மண்குவியலிலிருந்து, சமாதி மேல் யார் எப்போது நட்டதோ, டாஃபடில் பூக்கள் பக்கவாட்டில் முளைத்து மஞ்சளாகப் பூத்திருந்தன. எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

இதற்கிடையில் பக்கத்து நிலத்துக்காரர் இன்னொன்றும் சொன்னார். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டல்லஸிலிருந்து ஒரு அம்மா அந்த மூலைக்குப் பூ வைக்க வருவார். வருஷாவருஷம் வருகிறவர். பழைய சொந்தக்காரர் கேட்டைப் பூட்டியதே இல்லை. போன மே மாதமும் வந்தார், புதுப் பூட்டைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ரோட்டில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

"நீங்க பார்த்தீங்களா?" என்றேன்.

"பார்த்தேன், மேம்."

எங்கள் ஃபோன் நம்பர் அவரிடம் இருந்தது.

அன்றிலிருந்து மே மாத ஞாயிறுகளைக் காலண்டரில் எண்ணிக்கொண்டிருந்தேன். என் கணவர் வாஸ்துக்காரரின் ஃபோனை எடுப்பதில்லை. நிலம் என்ற பேச்சே வீட்டில் இல்லை. "நீ மட்டும் போயிட்டு வந்துரு அம்மிணி. எனக்கு அந்த அம்மா மூஞ்சியப் பார்க்கற தைரியம் இல்ல," என்றார். "எனக்கு மட்டும் இருக்குதுங்களா?" என்றேன். மே மாத ஞாயிறு ஒவ்வொன்றும் காலையிலேயே போய்ப் பூட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். என்ன சொல்வது என்று நான் மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன். இங்கிலீஷில் 'சாரி' என்கிற வார்த்தை காபி கொட்டினாலும் அதுதான், இதற்கும் அதுதான். தமிழில் யோசித்தாலும் ஒன்றும் வரவில்லை.

அந்த அம்மா வந்தார். சர்ச் உடுப்பில், ஊதா நிறத் தொப்பியோடு. எண்பதைத் தாண்டியிருப்பார். ஓட்டிக்கொண்டு வந்தவர் அவருடைய அண்ணன் மகன், அவருக்கே தலை நரைத்திருந்தது. அந்த அம்மாவின் மடியில் ஈரத் துணி சுற்றிய வெள்ளை ரோஜாக்கள். பக்கத்து நிலத்துக்காரர் தன் வேலிக்கு அந்தப்புறம் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலியைத் தாண்டி வரவில்லை.

நாங்களே எல்லாவற்றையும் சொன்னோம். என் கணவர்தான் சொன்னார். தேங்காயில் தொடங்கி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மா முழுக்கக் கேட்டார். சின்னக் கேட் வரைக்கும் கைத்தடியை ஊன்றி வந்தார், பள்ளத்தைப் பார்த்தார், ஆரஞ்சுக் கொடிகளைப் பார்த்தார். அப்புறம்தான் தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகாத தங்கை. காய்ச்சல். கல் வைக்க அப்பாவுக்கு வசதியில்லை. அம்மா சமையலறையில் இருந்ததிலேயே நல்ல தட்டை எடுத்துக்கொண்டு வந்து, தலைமாட்டில் கவிழ்த்துப் பதித்தாள். நீலக் கரை போட்ட தட்டு.

"மரத்திலிருந்து வேலியை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நட, நீலம் தெரிந்ததும் நின்றுவிடு என்று அம்மா சொல்லிக்கொடுத்தாள். தெரியாமல்கூட அவளை மிதித்துவிடக் கூடாது. எத்தனை எட்டு என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. தட்டுதான் இருந்ததே," என்றார்.

நான் ஓடிப்போய்த் தார்ப்பாயை விலக்கித் தட்டை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினார். கட்டைவிரலால் அந்த மூளியைத் தடவினார். அது பொக்லைன் செய்ததா, பழசா என்று கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. என் கணவரைத்தான் பார்த்தார்.

"இது எந்த இடத்திலிருந்து வந்தது?"

என் கணவர் பள்ளத்தின் ஓரத்துக்குப் போனார். கையை நீட்டினார், மடக்கினார், மறுபடி வேறு பக்கம் நீட்டினார். முதலில் வெட்டின மண்ணிலா, கடைசியில் வெட்டினதிலா என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் எடுத்த வீடியோவில் சூடமும் பூசணிக்காயும் அவர் சிரித்த முகமும்தான் இருக்கின்றன. அவர் வாயைத் திறந்தார். ஏதோ ஒரு இடத்தைக் காட்டிவிடுவார் என்று எனக்குப் புரிந்தது. காட்டிவிட்டால் தேவலை என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"என் மனசுக்காக ஒரு இடத்தைச் சொல்ல வேண்டாம், மகனே. தெரிந்தால் மட்டும் சொல்," என்றார் அந்த அம்மா.

என் கணவர் கையை இறக்கிவிட்டார்.

நான் சின்னக் கேட்டைத் திறந்து பிடித்தேன். உள்ளே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, "வாங்க ஆன்ட்டி," என்று இங்கிலீஷில் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. கேட்டின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். அண்ணன் மகன் அவர் முழங்கையைப் பிடித்தார். அவர் தலையை ஆட்டினார்.

"எங்கே கால் வைப்பேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்கிற மாதிரிதான் கேட்டார். நினைவு தெரிந்த நாளிலிருந்து வருஷாவருஷம் வந்துகொண்டிருந்த இடத்துக்கு அவரால் இனி வர முடியாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட் திறந்திருக்கிறது. சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. நாங்கள் வணங்கி அழைக்கிறோம். ஆனால் அவர் தங்கை எங்கே இல்லை என்று ஒரு சாண் இடத்தைக்கூட எங்களால் காட்ட முடியவில்லை.

"நீங்களே வெச்சுக்கோங்க," என்று தட்டைக் காட்டிச் சொன்னேன். எனக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"இது என்னுடையது இல்லை, பேபி. அம்மா இதை அவளுக்குக் கொடுத்தாள்," என்றார். தட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார். ரோஜாக்களையும் கொடுத்தார். "நீ வைத்துவிடு."

ஒரு கையில் தட்டும் ஒரு கையில் பூவுமாக நான் திரும்பினேன். பள்ளம், மண்குவியல், கொடிகள், கொடிகளுக்கு நடுவில் புல். என் கணவரைப் பார்த்தேன்.

"எங்கீங்க வெக்கறது?" என்றேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. எங்கேயாவது வைத்துத்தானே ஆக வேண்டும் என்று நான் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"பார்த்து நில்லு, பேபி," என்றார் அந்த அம்மா எனக்குப் பின்னாலிருந்து.

குனிந்து என் கால்களைப் பார்த்தேன். வெறுங்கால்களுக்குக் கீழே மண் குளிர்ச்சியாக இருந்தது. முன்னால் போவதா பின்னால் வருவதா, எந்தக் காலை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே நின்றேன்.